இல்லாத பெண்ணுக்குப் போன கடிதம்

வீட்டுக் கூடத்தில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள். பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறது. உடனே உங்களுக்கு என்ன தோன்றும்? "நம்மைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள்!" அவர்கள் பேசியது தீபாவளிக்கு உங்களுக்கு எடுக்கப் போகும் புடவையைப் பற்றியாகவும் இருக்கலாம். ஆனால் மனசு அந்தப் பக்கம் போகவே போகாது. சாத்திய கதவுக்குப் பின்னால் நல்லதும் நடக்கும் என்று நினைக்கிறவர் லட்சத்தில் ஒருவர்.

இப்படிச் சாத்திய கதவு ஒன்றையே மூலதனமாக வைத்துப் பன்னிரண்டு வருஷம் அமோகமாக வியாபாரம் நடத்திய ஓர் ஆசாமியின் கதையை இந்த வாரம் சொல்கிறேன். கேட்டால் சிரிப்பு வரும். முடிவு வரையில் வராது.

ஃப்ரீமேஸன் சங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னை எழும்பூரில்கூட அவர்களுக்கு ஒரு பெரிய மண்டபம் இருக்கிறது. கல்தச்சர்களின் பழைய கூட்டங்களிலிருந்து சம்பிரதாயங்களை எடுத்துக்கொண்ட சங்கம். 1717ல் லண்டனில் நாலு கிளைகள் சேர்ந்து தலைமைச் சங்கம் அமைத்ததாக அவர்கள் கணக்கு. உள்ளே நுழைய ஒரு சங்கேதச் சொல், கைகுலுக்குவதில் ஒரு ஜாடை, நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று ஒரு சத்தியப் பிரமாணம். ஊர் வாய் திறக்க இவ்வளவு போதாதா?

பிரான்ஸ் தேசத்தில் விஷயம் வெறும் வம்போடு நிற்கவில்லை. அங்கே சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், கத்தோலிக்கத் திருச்சபைக்கும் குடியரசுக் கட்சிக்காரர்களுக்கும் பெரிய மல்லுக்கட்டு. 1882ல் சர்க்கார் பள்ளிக்கூடங்களிலிருந்து மத போதனையை எடுத்துவிட்டார்கள். அப்படிச் செய்த தலைவர்களில் பலர் மேஸன்கள். பிரான்ஸின் பெரிய மேஸன் சங்கமோ, அங்கத்தினருக்குக் கடவுள் நம்பிக்கை வேண்டும் என்ற விதியையே 1877ல் நீக்கியிருந்தது. ஆகவே, சண்டை என்னவோ நிஜந்தான். அதற்குக் காரணங்களும் பகிரங்கமாகவே இருந்தன. 1884 ஏப்ரலில் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ, மேஸன்களின் முகத்திரையை விலக்கிக் காட்டுங்கள் என்று உலகத்துக்கு ஒரு சுற்றுமடல் விடுத்தார்.

விலக்கிக் காட்ட ஒருவர் தயாராகக் காத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கையில் இருந்தது வேறொரு திரை!

அவர் பெயர் லியோ டாக்ஸில். அதுவும் புனைபெயர். நிஜப் பெயர் கப்ரியேல் ஜோகான். 1854ல் மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் பிறந்தவர். புளுகுவதில் பால்யத்திலேயே கெட்டிக்காரர். பத்தொன்பதாம் வயதில், கடலோரத்தில் சுறா மீன்கள் வந்துவிட்டன என்று செம்படவர்கள் எழுதுவதுபோலப் பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். ஊரே நடுங்கிவிட்டது. ஆயுதந் தாங்கிய நூறு சிப்பாய்கள் படகேறிச் சுறா வேட்டைக்குப் போனார்கள். சுறாவும் இல்லை, கிறாவும் இல்லை!

பிறகு டாக்ஸில் பாதிரிமார்களைக் கேலி செய்து புத்தகங்கள் எழுதிப் பிழைத்தார். 1881ல் மேஸன் சங்கத்தில் சேர்ந்தார். முதற்படியைத் தாண்டுவதற்குள் அவர்கள் வெளியே தள்ளிவிட்டார்கள். 1885ல் திடீரென்று ஞானோதயம்! "பாவி நான், மன்னியுங்கள்" என்று சர்ச்சின் வாசலில் வந்து நின்றார். திருந்திய பாவியை யார்தான் தள்ளுவார்கள்? கையோடு, மேஸன்களின் ரகசியங்களை வெளியிடுவதாகச் சொல்லிப் புத்தகம் மேல் புத்தகம் போட்டார். 1887ல் போப்பாண்டவரின் தரிசனமும் கிடைத்தது.

ஆனால் சடங்கையும் ஜாடையையும் எத்தனை நாள் விற்க முடியும்? ஆகவே டாக்ஸில் புதிதாக ஒன்றைச் சிருஷ்டித்தார். மேஸன்களுக்கு உள்ளே, மேஸன்களுக்கே தெரியாமல், 'பல்லாடியம்' என்று இன்னொரு சங்கம். அதன் தலைமைப் பீடம் அமெரிக்காவிலே சார்ல்ஸ்டன் நகரம். தலைவர் ஆல்பர்ட் பைக். அவர்கள் பூஜிப்பது சாத்தானை! ஆல்பர்ட் பைக் என்பவர் நிஜமான மனிதர். வக்கீல், பழைய ராணுவத் தளகர்த்தர், அமெரிக்க மேஸன்களில் பெரிய புள்ளி. 1891ல் காலமாகிவிட்டதால், மறுக்க வரமாட்டார். மிகவும் சௌகரியம்!

1892 முதல் 'டாக்டர் பத்தாய்' என்ற பெயரில் ஒரு தொடர் தவணை தவணையாக வந்தது. எழுதியது டாக்ஸிலும், கப்பல் டாக்டரான அவருடைய நண்பர் ஒருவரும். நம் பத்திரிகைத் தொடர்கதைகளெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். ஆவிகளை அழைக்க உட்கார்ந்த கூட்டத்தில் மேஜை எழும்பி, சிறகு முளைத்த முதலையாகி, பியானோவில் உட்கார்ந்து வாசிக்கிறது! ஜிப்ரால்டர் பாறைக்கு அடியில் சாத்தானின் தொழிற்சாலை நடக்கிறது! இலங்கை, புதுச்சேரி, கல்கத்தா என்று நம் பக்கத்து ஊர்களுக்கும் டாக்டர் வந்து போகிறார். போன இடத்திலெல்லாம் சாத்தான் பூஜை. அந்நாளில் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியிலேயே இருந்த ஊர் புதுச்சேரி. அங்கே இருந்த யாருக்காவது எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாசகர்களே, தூரத்து ஊரில் நடந்ததாகச் சொல்லும் எதையும் நம்புவதில் பாரிஸ்காரனுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம், டயானா வாகன். சாத்தானின் சங்கத்தில் பெரிய பதவி வகித்த அழகிய இளம் பெண். 1895ல் மனம் மாறிக் கத்தோலிக்க மதத்தில் சேருகிறாள். மாதா மாதம் தன் சரித்திரத்தை எழுதி வெளியிடுகிறாள். பக்தர்கள் உருகினார்கள். ரோமாபுரியிலிருந்து ஒரு கார்டினல் ஆசி கூறிக் கடிதம் எழுதினார்.

அவளை நேரில் கண்டவர் மட்டும் இல்லை!

சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். சார்ல்ஸ்டன் பிஷப், "எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் கிடையாது" என்று ரோமாபுரிக்கே போய்ச் சொன்னார் என்று டாக்ஸிலே பிற்பாடு சொன்னதுண்டு. 1896 செப்டம்பரில் டிரென்ட் நகரத்தில் மேஸன் எதிர்ப்பு மகாநாடு கூடியது. அங்கே சிலர், "அந்தப் பெண்ணைக் கண்ணில் காட்டு" என்று எழுந்தார்கள். டாக்ஸில் அசரவில்லை. "காட்டினால் மேஸன்கள் கொன்றுவிடுவார்களே!" என்றார். கூட்டத்தில் பெரும்பாலோர் அவர் பக்கமே நின்றார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். வித்தையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பெண்ணைக் காட்டியிருந்தால், அது சாட்சி. காட்டாவிட்டால், ஆபத்து எவ்வளவு பெரியது என்பதற்கு அதுவே சாட்சி! மேஸன்கள் மறுத்தால், மறுக்கத்தானே செய்வார்கள்? பேசாமல் இருந்தால், மௌனம் சம்மதம்! எந்தப் பக்கம் விழுந்தாலும் பூவாகவே விழும் காசு அது. அப்படிப்பட்ட காசு கள்ளக் காசு என்று சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். சதியைப் பற்றிய பேச்சில் மட்டும் படித்தவர்களுக்கும் தெரிவதில்லை.

நார்மண்டிப் பிரதேசத்தில் லிசியே என்று ஒரு சிற்றூர். அங்கே கார்மேல் கன்னிமாடத்தில் பதினைந்து வயதில் சேர்ந்த ஓர் இளம் கன்யாஸ்திரீ. பெயர் தெரேஸ். நம்மூர்களில் 'லிட்டில் ஃப்ளவர்' என்ற பெயரில் எத்தனையோ பள்ளிக்கூடங்களும் கான்வென்ட்டுகளும் இருக்கின்றனவே, அந்தச் சிறுமலர் இவர்தான். 1896ல் அவருக்கு வயது இருபத்து மூன்று. அந்த வருஷம் ஏப்ரலில் முதன்முறையாக இருமலில் ரத்தம் கண்டது. க்ஷயரோகம்.

டயானாவின் மனமாற்றத்தைக் கேட்டுத் தெரேஸ் நெகிழ்ந்துபோனார். அவளை வைத்து மடத்தில் நடிக்க ஒரு சிறு நாடகமே எழுதினார். பிறகு அவளுக்கு ஒரு கடிதம் எழுதி, கூடவே ஒரு போட்டோவும் அனுப்பினார். மடத்து நாடகத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் வேஷத்தில் தாம் நடித்தபோது எடுத்த படம். பதிலும் வந்தது! எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

1897 ஏப்ரல் 19. ஈஸ்டருக்கு மறுநாள். பாரிஸில் பூகோள சங்கத்தின் மண்டபம். "டயானா வாகன் இன்று தரிசனம் தருவாள்" என்று விளம்பரம். பாதிரிமார்களும் பத்திரிகைக்காரர்களும் நிரம்பி வழிந்தார்கள். கைத்தடி, குடை எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏன் என்பது பிறகு புரிந்தது. திரையில் ஒரு படம் தெரிந்தது. ஜோன் ஆஃப் ஆர்க் வேஷத்தில் ஓர் இளம் பெண்!

டாக்ஸில் மேடையேறினார். சாவகாசமாகச் சொன்னார்: பன்னிரண்டு வருஷமாகத் தாம் சொன்னதெல்லாம் பொய், பல்லாடியம் என்று ஒன்று கிடையாது, டயானா வாகன் என்பது மாதம் நூற்றைம்பது பிராங்க் சம்பளத்தில் தமக்குக் கடிதங்களைப் பிரதி எழுதிக் கொடுத்த ஒரு டைப்பிஸ்ட், எல்லாம் தம் சொந்தக் குஷிக்காக. மண்டபம் கொந்தளித்தது. போலீஸ் காவலோடு டாக்ஸில் நழுவிப் போனார்.

செய்தி சில தினங்களில் லிசியேவுக்கும் எட்டியது. தெரேஸ் தம்மிடமிருந்த அந்தப் பதில் கடிதத்தைக் கிழித்துத் தோட்டத்து எருக் குப்பையில் போட்டாராம். அப்போது அவர் வியாதி முற்றியிருந்தது. உள்ளத்திலும் பெரும் சோதனை; விசுவாசத்தின் வெளிச்சமே மறைந்து இருட்டில் நிற்பதாக அந்த ஜூன் மாதம் எழுதிவைத்தார். ஏமாற்றியவன்மீது ஒரு வசை இல்லை. நம்பிக்கையற்றவர்களோடு ஒரே பந்தியில் உட்காரத் தயார் என்று எழுதினார். செப்டம்பர் 30ந் தேதி காலமானார். வயது இருபத்து நாலு.

பொய் அத்தோடு ஒழிந்ததா? டாக்ஸில் 1907ல் செத்தார், பொய் சாகவில்லை. "டாக்ஸில் மேஸன்களிடம் பணம் வாங்கிக்கொண்டு பல்டி அடித்துவிட்டார், டயானா நிஜமாகவே இருந்தாள், அவளைத் தீர்த்துக் கட்டிவிட்டார்கள்" என்று சாதித்தவர்கள் உண்டு. 1889 ஜூலை 14ந் தேதி ஆல்பர்ட் பைக் சாத்தானைப் பூஜிக்க உத்தரவிட்டார் என்று அன்று கட்டிவிட்ட 'பிரகடனம்' இன்றைக்கும் புத்தகங்களில் அச்சாகிறது; கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. பெற்ற தகப்பனே "இது என் பிள்ளை இல்லை" என்று கைகழுவிய பிறகும், வளர்க்க ஆள் இருக்கிறது!

ரகசியச் சங்கங்களே உலகத்தில் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்திருக்கின்றன, சதிகளும் நடந்திருக்கின்றன. ஆனால் அவை பிடிபட்டபோது, ஒரு கடிதமோ கணக்குப் புத்தகமோ சாட்சியோ அகப்பட்டிருக்கிறது. அகப்படாததையே அத்தாட்சியாகக் காட்டுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, எதைக் காட்டினால் இது பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள்?" பதில் வந்தால் மேலே பேசலாம். "எதைக் காட்டினாலும் மாட்டேன்" என்றால், ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அவர் போன பிறகு, அந்தச் சேதியை அடுத்த வீட்டுக்கு மட்டும் தள்ளிவிடாதீர்கள். நீங்கள் தமாஷாகத்தான் சொல்லுவீர்கள். அந்த வீட்டிலே அதை மனப்பூர்வமாக நம்பி, இல்லாத ஒருத்திக்குக் கடிதம் எழுத உட்காரும் ஒரு பெண் இருக்கலாம்.