பழசில் கை வைக்கலாமா?

போன லீவில் போர்ச்சுகல் நாட்டு போர்ட்டோ நகரத்துக்கு, சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே புனித இல்டிபோன்சோ தேவாலயத்தின் முகப்பு முழுக்க நீலமும் வெள்ளையுமா டைல்ஸ், சுமார் 11,000! “அந்தக் காலத்து வேலைன்னா வேலைதான்!” என்றேன்.

சித்தப்பா சிரித்தார். ஆலயம் கட்டி முடித்தது 1739-ல். டைல்ஸ் பதித்தது 1932-ல்தானாம்! வரைந்தவர் ஜோர்ஜ் கொலாசோ. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அப்புறம் கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தப் புனிதரின் வாழ்க்கையையே படமாக்கி, ஜன்னல், வாசல் எதையும் மறைக்காமல் பதித்திருக்கிறார்கள். பழசை மதித்துச் செய்தால் புதுசு சேர்ப்பது தப்பில்லை என்பது என் கட்சி. எது எந்த வருஷம் என்று மட்டும் மறைக்காமல் சொல்லிடணும்.

சித்தி ஒத்துக்கொள்ளவே இல்லை. வெறும் சுவர்தான் அழகாம்!