முத்துராஜாவை யார் பரிசோதித்தார்?

வெள்ளவத்தைக்கு அடுத்த ஊர் தெஹிவளை. அங்குள்ள மிருகக்காட்சிச்சாலைக்கு 2022 நவம்பரில், உடலெங்கும் சீழ்க்கட்டிகளுடனும் காயப்பட்ட முன் இடது காலுடனும் ஒரு யானை கொண்டுவரப்பட்டது. 2001இல் தாய்லாந்து அன்பளிப்பாக அனுப்பி, தென்பகுதி விகாரையொன்றில் வளர்ந்த யானை. பிறந்த நாட்டில் அதன் பெயர் சக் சுரின், இங்கே முத்துராஜா. 2023 ஜூலை 2ஆம் திகதி, இரும்புக் கூட்டில் அடைத்து கட்டுநாயக்கவிலிருந்து சியாங் மாய்க்கு விமானமேற்றினார்கள். தாய்லாந்து மன்னரிடம் மன்னிப்புக் கோரியதாகப் பிரதமர் தினேஷ் குணவர்தன பாராளுமன்றத்தில் சொன்னார்.

விமானத்தையும் கூட்டையும் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதினார்கள். ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

வளர்ப்பு யானைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் அரசாங்கம் விதி செய்தது. மீறினால் யானை அரசுடைமையாகும், உரிமையாளருக்கு மூன்று ஆண்டு சிறையும் உண்டு. 2021 ஆகஸ்டிலிருந்து 2022 நவம்பர் வரை பதினைந்து மாதங்கள். குறைந்தது இரண்டு பரிசோதனைகளாவது நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லையென்றால் விதி வெறுங் காகிதம். நடந்ததென்றால், நான்கு தொன் எடையுள்ள மிருகத்தின் காலைக் காணாத அந்த வைத்தியர் யார்?

சிமெந்துத் தரையில் சங்கிலியோடு நிற்கும் யானைக்கு உள்ளங்கால் வெடிக்கும். நகவிடுக்கில் கிருமி நுழைந்து எலும்புவரை அழுகும். சிறைப்பட்ட யானைகளைக் கொல்வதில் பாதநோய்க்குப் பெரும் பங்குண்டு என்பதை மிருக வைத்தியம் நெடுங்காலமாய் அறியும். காசநோயோ மனிதரிடமிருந்து யானைக்கும் யானையிடமிருந்து மனிதருக்கும் தொற்றுவது. துதிக்கைக்குள் உப்புநீர் ஊற்றி, வெளியே வருவதைச் சேகரித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் போதும். ஆசீர்வாதத்துக்காகக் குழந்தையைத் துதிக்கையின் கீழ் நீட்டுகிற தாய்க்கு அந்த ஆய்வின் முடிவை அறியும் உரிமை இல்லையா?

"இது எங்கள் கலாசாரம்" என்பார்கள். 2019 ஆகஸ்டில் கண்டிப் பெரஹராவுக்கு அழைத்துவரப்பட்ட எழுபது வயது டிக்கிரியின் விலா எலும்புகளை மறைத்ததும் அந்தக் கலாசாரத்தின் பட்டாடைதான். சமிபாட்டுக் கோளாறு, ஆனால் பலத்துக்குக் குறைவில்லை என்று விளக்கம் சொல்லப்பட்டது. அடுத்த மாதமே டிக்கிரி இறந்தது.

இதைப் படித்துப் பௌத்த விகாரைகளை மட்டும் நோக்கி விரல் நீட்டும் தமிழ் வாசகர் சற்றுப் பொறுக்கவும். முத்துராஜா தெஹிவளைக்கு வந்த அதே 2022 நவம்பரின் கடைசி நாளில்தான், புதுச்சேரி மணக்குள விநாயகர் ஆலயத்தின் லட்சுமி நடைப்பயிற்சியின்போது வீதியில் சரிந்து மாண்டது. கண்ணீரோடு மலர் தூவினோம். அதன் மருத்துவப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்?

மிருக வைத்தியர்களை நான் குறை சொல்லவில்லை. நாட்டிலேயே ஒரேயொரு மிருக வைத்திய பீடம், பேராதனையில். அங்கே படித்து வெளியேறும் இளம் வைத்தியர், செல்வாக்குள்ள உரிமையாளரின் முற்றத்தில் நின்று "இந்த யானை ஊர்வலத்துக்கு உதவாது" என்று எழுதிக் கையொப்பமிட்டால் அவருக்குப் பின்னால் யார் நிற்பார்கள்? 2021 செப்டெம்பரில், சட்டவிரோதமாக வைத்திருந்ததாகக் கைப்பற்றப்பட்ட யானைகளே, நீதிமன்ற உத்தரவின்பேரில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களிடம் திரும்பிப் போயின.

ஆறு மாத அறிக்கைகள் ஒவ்வொன்றும் யானையின் பெயரோடும் வைத்தியரின் கையொப்பத்தோடும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். முத்துராஜாவின் பெயரிலுள்ளவற்றிலிருந்து தொடங்கட்டும், அப்படி ஏதாவது இருந்தால்.