துணை வேறு, தலைமை வேறு

பெற்றோர்க்குப் பணிவிடை செய்தலின் சிறப்பை மேடைகளில் நாம் கேளாத நாளில்லை. ஆயினும், முதிய தாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் மகன் அங்கே எப்போது பேச வேண்டும், எப்போது வாய் மூடியிருக்க வேண்டும் என்பதை எவரும் சொல்லித் தந்ததில்லை. அதனை நான் என் அம்மாவிடமே கற்றேன்; சற்றுத் தாமதமாகவே கற்றேன்.

ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில், மூஞ்சிக்கல் பகுதியில், அம்மா தனியே வாழ்கிறார்கள். அத்தா மறைந்த பின்னரும் அவ்வீட்டைப் பூட்ட அவர்கள் இசையவில்லை. வயதைக் கேட்டால் எண்ணைச் சொல்லமாட்டார்கள். "ஆறு குறிஞ்சி பார்த்தாயிற்று" என்பார்கள். பன்னீராண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி, பழனி மலைத்தொடரில் 2018-இல் பூத்தது. 2030-இல் அது மீண்டும் பூக்கும்போதும் தாம் அங்கேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் துணிபு.

இரத்த அழுத்தத்திற்காக மூன்று திங்களுக்கு ஒருமுறை மதுரையில் ஒரு மருத்துவரிடம் அவர்களை அழைத்துச் செல்வேன். மருத்துவர் வினவுவார், விடை என் வாயிலிருந்து வரும். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?" "தவறாமல் சாப்பிடுகிறார்கள்." "தலைசுற்றல், விழுதல் உண்டா?" "இல்லை ஐயா." ஒவ்வொரு முறையும் அழுத்தம் மிகுந்தே காணப்பட்டது, மருந்தின் அளவும் கூடிக்கொண்டே சென்றது.

ஒருமுறை நான் கட்டணம் செலுத்த வெளியே சென்று திரும்பியபோது, அம்மா பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கிட்டேன். "நீ கொஞ்சம் சும்மா இரு தம்பி, கேட்டது என்னை" என்றார்கள். பிறகு வெளிவந்த செய்தி என்னைத் தலைகுனிய வைத்தது. அவர்கள் உண்ணும் மாத்திரைகளுள் ஒன்று சிறுநீரை மிகுதியாக வெளியேற்றும் இயல்புடையது. வத்தலக்குண்டு வரையிலான மலைப்பாதையில், ஆடவர் நிறைந்த பேருந்தை நிறுத்தச் சொல்ல ஒரு மூதாட்டிக்குக் கூச்சம் இராதா? ஆகவே, பயணத்திற்கு முதல் நாளும் பயண நாளிலும் மாத்திரைகளையே விட்டுவிடுவார்கள். மருந்துண்ணாத நாளின் அழுத்தத்தைப் பார்த்தே மருந்து கூட்டப்பட்டது. வீடு திரும்பி, கூட்டிய அளவை ஒழுங்காக உண்டபோது தலை சுற்றியது. இருமுறை கொல்லைப் படியில் விழுந்தும் இருக்கிறார்கள். மருத்துவர் அவர்களைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அழுத்தத்தை அளந்தார். எழுந்து நின்றதும் அது சரிவதைக் கண்டு மருந்தைக் குறைத்தார்.

"விழுந்ததை என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று வழியில் கேட்டேன். "சொன்னால் வீட்டைப் பூட்டி என்னைக் கீழே இறக்கிவிடுவாய்" என்றார்கள். உண்மைதான்; இறக்கியிருப்பேன். என் அன்பே அவர்கள் வாயை அடைத்திருந்தது!

இஃது ஒரு வீட்டுக் கதை மட்டும் அன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இலேயே மருத்துவர் வ.செ. நடராசன் முதியோர்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் அழுத்தத்திற்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இவையெல்லாம் போற்றத்தக்கவை. எனினும், முதியவர் சொல்வதை அவர் வாயாலேயே கேட்கும் செவியை எந்தத் திட்டமும் நமக்குப் பொருத்தித் தர இயலாது.

சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. டெல்லியில் மயக்கத்திலிருந்த 44 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, அவருடைய தாயின் ஒப்புதலை மட்டும் பெற்று, கருப்பை அகற்றப்பட்டது. உடனடி உயிராபத்து இல்லாத நிலையில், தெளிந்த அறிவுடைய ஒருவருக்காக அவருடைய தாயே ஆயினும் ஒப்புதல் தர இயலாது என உச்ச நீதிமன்றம் 2008 சனவரியில் தீர்ப்பளித்தது. மகளுக்காகத் தாய் தர இயலாத ஒப்புதலைத் தாய்க்காக மகன் எவ்வாறு தர இயலும்?

செவி மந்தமானால், நினைவு தளர்ந்தால் என் செய்வது என்று கேட்கலாம். செவி மந்தமாயின் வினாவை உரக்கச் சொல்வோம்; விடையை நாம் சொல்ல வேண்டியதில்லை. நினைவு முற்றும் தளர்ந்தோர்க்காக நாம் பேசத்தான் வேண்டும். ஆயின், நரை வந்தவர் அனைவரையும் அந்நிலையினராகக் கருதுவது அன்பும் அன்று, அறிவும் அன்று.

மாணவச் செல்வங்களே, நாளை உங்கள் அன்னையை அழைத்துச் செல்லும்போது மருத்துவருக்கு எதிரேயுள்ள இருக்கையில் அவரை அமர்த்துங்கள். நீங்கள் பின்னே நில்லுங்கள். சில மணித்துளிகள் அறையை விட்டே வெளியேறுங்கள். மருந்துச் சீட்டு அவர் கையிலேயே இருக்கட்டும். உண்மையைச் சொன்னதற்காக அவர் தம் வீட்டை இழக்கமாட்டார் என்னும் உறுதியை முன்னரே கொடுத்துவிடுங்கள்.

நான் கொடுத்துவிட்டேன். கொல்லைப் படியில் இப்போது கைப்பிடிக் கம்பி பொருத்தியிருக்கிறோம். எந்த உயரத்தில் பொருத்துவது என்பதையும் அம்மாவே முடிவு செய்தார்கள்.