பங்கு உண்டு, பதவி எங்கே?

பன்னிரண்டு உத்தியோகம் காலியாக இருந்தால் அதை யார் யாருக்குக் கொடுப்பது என்று சென்னை சர்க்கார் 1927-இல் ஓர் ஆணை போட்டது. வகுப்புவாரி ஆணை அது. பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பார்ப்பனருக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து இரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்று. கணக்கு சரியாகப் பன்னிரண்டு. அதிலே பெண்ணுக்கென்று எத்தனை? ஒன்றுமில்லை! அருந்ததியருக்கு? தனியாக ஏதுமில்லை, அந்த ஒன்றுக்குள்ளேயே அவர்களும் ஓர் ஓரத்தில் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

ஆணையைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. அந்த நாளில் அது பெரும் புரட்சி. அதைச் சாய்க்க உச்சநீதிமன்றம் வரை போனார்கள். முன்சீப் வேலை பற்றிய வெங்கட்டரமணா வழக்கிலும், கல்லூரி இடம் பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கிலும் 1951 ஏப்ரலில் ஒரே நாளில் தீர்ப்பு வந்தது, ஆணை வீழ்ந்தது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டமே முதல்முறையாகத் திருத்தப்பட்டது.

பெண்ணின் கதை இன்னும் நீளமானது. எந்த உத்தியோகத்துக்கும் பெண்களுக்கு உரிமை உண்டு என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டு அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் என்று ஆணை வந்தது 1989-இல். அறுபது ஆண்டுகள், தோழர்களே! தீர்மானம் போட்ட மாநாட்டுக்குக் கைக்குழந்தையாக வந்த பெண்ணுக்கு அதற்குள் ஓய்வு பெறும் வயதே கடந்துபோயிருக்கும்.

முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் 2007-இல் வந்தது. அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009-இல் வந்தது. அதன்மீதும் வழக்கு. உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்ல 2024 ஆகஸ்ட் 1 ஆயிற்று.

சரி, ஏட்டிலே எல்லாம் வந்துவிட்டது. இப்போது ஒரு கேள்வி. 30 சதவீதம், 3 சதவீதம் என்கிறோமே, எதில்?

பதவியில்! அதாவது, சர்க்கார் நிரந்தரமாக உண்டாக்கி, விளம்பரம் செய்து, இருநூறு இடம் கொண்ட இனச்சுழற்சிப் பட்டியலை வைத்து ஆள் எடுக்கும் இடத்தில். அந்த இடத்தையே எடுத்துக் காண்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டால்? அவர் யாரை வைப்பார், எந்தப் பட்டியலைப் பார்ப்பார்? சுவர் இருந்தால்தானே சித்திரம்! சித்திரத்துக்காக நூறாண்டு போராடினோம். சுவரை ஒவ்வொரு செங்கல்லாக உருவுகிறார்கள்.

அவிநாசிபாளையத்துத் தோழர்களுக்கு இதைப் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை. 1984-இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னர் என்ன நடந்தது? கம்பெனிக்கு உள்ளேயே காண்ட்ராக்ட் பெருகியது. கூரை முதலாளியுடையது, மிஷின் அவருடையது, துணி அவருடையது, ஆள் மட்டும் அவருடைய ஆள் இல்லையாம்! பஞ்சப்படியா? காண்ட்ராக்டரைக் கேள். போனஸா? காண்ட்ராக்டரைக் கேள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவனுக்கு பி.எப். என்ன வேண்டிக்கிடக்கிறது? இந்தத் தந்திரத்தை முதலாளி செய்தபோது சர்க்காரிடம் முறையிட்டோம். சர்க்காரே செய்தால் யாரிடம் முறையிடுவது?

சென்னையைப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெண்கள் பெருவாரியாக இருந்தார்கள். நள்ளிரவில் போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் கேட்டது என்ன? கலெக்டர் வேலையா? அள்ளிக்கொண்டிருந்த குப்பையை மாநகராட்சியின் ஆளாகவே அள்ளுகிறோம் என்றார்கள்.

தலைமுறை தலைமுறையாக இந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டவர்கள் யார் என்று கொங்குநாட்டில் எவருக்கும் தெரியும். துடைப்பத்தைப் பிடிக்க அருந்ததியருக்கு எந்தக் காலத்திலும் இட ஒதுக்கீடு தேவைப்பட்டதில்லை! அந்த வேலையில் சம்பளமும் ஓய்வூதியமும் நிலைத்திருந்தால் மகள் படித்து மேசைக்கு வந்துவிடுவாள். அந்த ஏணியைத்தான் இப்போது இழுக்கிறார்கள். எந்தக் கட்சி ஆட்சி என்று பார்த்துப் பேசும் விஷயம் அல்ல இது.

பெண்கள் நிறைந்த இன்னொரு இடம் அங்கன்வாடி. 1975-இல் தொடங்கிய திட்டம். பிள்ளையைக் காக்கிறாள், எடை பார்க்கிறாள், கர்ப்பிணிகளின் பதிவேடு எழுதுகிறாள், சர்க்கார் எந்தக் கணக்கெடுக்கச் சொன்னாலும் தெருத்தெருவாகப் போகிறாள். அவள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று 2006-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவளுக்குப் பணிக்கொடை உண்டு என்று அதே மன்றம் சொல்ல 2022 ஆயிற்று. இதைச் சேவை என்று மேடையில் புகழ்கிறார்கள். சேவை என்ற சொல் வரும்போதெல்லாம் சம்பளம் குறைகிறது. அந்தச் சொல் பெண்ணிடம்தான் அதிகம் வருகிறது.

“இது பெண்கள் விஷயம், சாதி விஷயம், சங்கத்துக்கு என்ன?” என்று கேட்கும் தோழரும் இருக்கிறார். அவர் மனைவி செக்கிங் மேசையில் நிற்கிறாள். மகள் குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறாள். ஆனால் இரவு ஒன்பதுக்குப் பாத்திரமும் அவளே கழுவுகிறாள், அண்ணன் செல்போனோடு திண்ணையில் இருக்கிறான். 30 சதவீதத்தில் அவளுக்குள்ள இடத்தைச் சர்க்கார் குறைப்பது ஒருபுறம். படிக்கிற நேரத்தைக் குறைப்பது யார்? அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை, தோழரே. எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவலாம்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியதும் உண்டு. அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: நம் ஊராட்சியில் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்? நிரந்தரம் எத்தனை? தூய்மைக் காவலர் எந்தக் கணக்கில் வருகிறார்? அவர்களில் பெண்கள் எத்தனை, அருந்ததியர் எத்தனை? வாயால் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒன்று, திருப்பூர் மாநகராட்சிக்கு ஒன்று. வந்த பதிலைச் சங்க அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள், கேட் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள்.