குப்பைமேட்டின் மேல் பறக்கும் கேமரா

கொடுங்கையூரில் குப்பை எரி உலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025ஆம் ஆண்டு வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றனர். உள்ளூர்ச் சூழல் சிக்கலைப் படமெடுக்க விரும்பும் கல்லூரி மாணவர் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, 300 ஏக்கருக்கும் மேற்பட்ட அக்குப்பைக் கிடங்கு போன்ற ஓர் இடம்தான். இத்தகைய ஆவணப்படங்களில் பெரும்பாலானவற்றின் தொடக்கக் காட்சியை நாம் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். மேலே ட்ரோன் பறக்கும். கீழே புகை மண்டிய மேடு, ஓரத்தில் சில கொக்குகள், பின்னணியில் சோக இசை. அந்த உயரத்திலிருந்து குப்பை தெரிகிறது; அதைக் கிளறிப் பிரித்து வயிறு வளர்க்கும் மனிதர் தெரிவதில்லை. மாநகரின் கழிவு பல பத்தாண்டுகளாகப் பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்குமே ஏன் சென்று சேர்ந்தது என்ற கேள்வியும் அங்கிருந்து எழுவதில்லை.

தமிழில் மாசு வேறு, தீட்டு வேறு. மாசை ஆய்வகத்தில் அளக்க முடியும். தீட்டு என்பது ஒருவர் மேல் சுமத்தப்படுவது. சூழல் ஆவணப்படங்கள் பலவும் இவ்விரண்டையும் தம்மையறியாமலேயே குழப்பிக்கொள்கின்றன என்பதே நமது குற்றச்சாட்டு. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுடன் சென்று சவ்தார் குளத்து நீரைப் பருகினார். அதன்பின் ஆதிக்கச் சாதியினர் அக்குளத்தைத் ‘தூய்மை’ செய்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியவற்றில் மாட்டுச் சாணமும் கோமியமும் அடக்கம். பின்னணிக் குரலுக்கான உரையில் ‘தூய்மை’ என்று எழுதுகிற ஒவ்வொரு முறையும் நாம் மகாடை நினைத்துக்கொள்வது நல்லது.

கூவத்தைப் பற்றிய படங்களை எடுத்துக்கொள்வோம். கறுத்த நீர், மிதக்கும் நெகிழி, கரையோரக் குடிசைகள் என்ற மூன்று காட்சிகளும் அடுத்தடுத்து ஒட்டப்படுகின்றன. எவரும் எதையும் சொல்லவே வேண்டியதில்லை. குடிசைதான் ஆற்றைக் கெடுத்தது என்று படத்தொகுப்பே தீர்ப்பளித்துவிடுகிறது. சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் கலக்கும் கழிவுநீர் எந்தக் குழாய் வழியே, எந்தக் குடியிருப்புகளிலிருந்து, எந்த வணிக வளாகத்திலிருந்து வருகிறது என்று பின்தொடர்வதற்குப் பல நாள் உழைப்பு வேண்டும். குடிசையைப் படமெடுக்கவோ ஐந்து நிமிடம் போதும். அதற்கு எவரும் அனுமதி கேட்பதும் இல்லை.

இது வெறும் அழகியல் குறைபாடு என்றால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றை மீட்பதாகச் சொல்லிக் கரையோர மக்கள் ஆயிரக்கணக்கில் பெயர்க்கப்பட்டனர். தீவுத்திடலை ஒட்டிய சத்தியவாணிமுத்து நகர் 2019 டிசம்பரில், பள்ளிக் கல்வியாண்டின் நடுவே, இடிக்கப்பட்டது. அமைச்சராக இருந்த ஒரு தலித் பெண் தலைவரின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு அது. அம்மக்கள் அனுப்பப்பட்ட பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதி. மழைக்காலத்தில் வெள்ளம் சூழும் இடம். வெள்ள ஆபத்து என்று சொல்லி அகற்றப்பட்டவர்கள் வெள்ளத்தின் நடுவிலேயே குடியமர்த்தப்பட்டனர். ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் ஆவணப்படம், எடுத்தவரின் நோக்கம் எதுவாயினும், இந்த இடிப்புக்கு முன்கூட்டியே எழுதப்பட்ட நியாயமாகிவிடுகிறது. சதுப்புநிலத்தின் பறவைகளைப் பற்றிய படங்கள் எத்தனையோ உள்ளன. அதே நிலத்தில் குடியமர்த்தப்பட்ட மனிதர்களையும் சேர்த்துப் பார்த்தவை மிகச் சில.

வேறு வகையில் பார்க்க முடியும் என்பதற்கு நம்மிடமே முன்னோடிகள் உள்ளனர். மதுரையில் ஒரு துப்புரவுப் பணியாளர் தெருவில் மலம் அள்ளுவதை அருகிருந்து பின்தொடர்கிறது அமுதன் ஆர்.பி.யின் ‘பீ’ (2003). அங்கே கேமரா கண்ணைத் திருப்பிக்கொள்வதில்லை; பார்ப்பவரையும் திருப்ப விடுவதில்லை. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) மாநிலத்தின் பல ஊர்களில் மலக்குழிப் பணியாளர்களைப் பேசவைத்தது. இவற்றைத் தொழிலாளர் படம் என்கிறோம், சாதிப் படம் என்கிறோம். சூழல் படம் என்று வகைப்படுத்த மட்டும் ஏனோ தயங்குகிறோம். மலக்குழியும் பாதாளச் சாக்கடையும் சூழல் இல்லையென்றால் வேறு எதுதான் சூழல்? ‘கக்கூஸ்’ திரையிடலுக்குப் பல இடங்களில் காவல்துறை தடை போட்டது. படம் யூடியூபில் வெளியானது. அதே ஆண்டு ஜூலையில் இயக்குநர் 2009ஆம் ஆண்டுப் போராட்ட வழக்கொன்றில் கைது செய்யப்பட்டார். கொக்கைப் படமெடுத்தவருக்கு இந்நிலை வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

பாலாற்றின் நுரையைப் படமெடுப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றுக்குப் போகாமல் தடுக்கப்பட்ட நஞ்சு அவர்கள் மேல் கவிழ்ந்தது.

இனி வேங்கைவயல். புதுக்கோட்டை மாவட்டத்து அவ்வூரில் தலித் மக்களுக்கான குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் வெளிப்பட்டது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்களையே குற்றவாளிகளாகக் காட்டியது. அலைபேசிகளிலிருந்து எடுக்கப்பட்ட படங்களும் உரையாடல்களும் சான்றாக முன்வைக்கப்பட்டன. நம் கையில் இருக்கும் அலைபேசி நம்மை நோக்கியும் திருப்பப்படும் என்பதைப் படமெடுக்கும் மாணவர் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும்.

பலரும் கவனியாத ஒன்று: திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பதையும், அவர்கள் வாழிடத்தில் மலம், சாக்கடை, விலங்குச் சடலம் போன்றவற்றைக் கொட்டுவதையும் குற்றமாக வரையறுக்கிறது. ஆகவே நம் தெருமுனையில் கொட்டப்படும் கழிவைப் பதிவு செய்பவர் ஒரு வன்கொடுமைக்கான சான்றையே சேகரித்துக்கொண்டிருக்கக் கூடும். அச்சான்று நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் காணொளி சுருக்கப்பட்டு மாறிப்போனது. எடுத்த கருவியில் உள்ள மூலக்கோப்பை அழிக்காதீர்கள். வெட்டாத பிரதி ஒன்றை வேறொருவரிடம் கொடுத்துவையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்கு அளித்த இசைவாணையைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுங்கள். பத்து நேர்காணல்கள் சொல்லாததை அந்தத் தாளில் உள்ள நிபந்தனைகள் சொல்லிவிடும்.

படம் முடிந்ததும் அதை முதலில் எங்கே காட்டுவது என்பதும் மீதமிருக்கிறது. திரைப்பட விழாவுக்கு அனுப்பும் அவசரத்தில், படத்தில் பேசியவர்கள் தம் முகத்தைக் கடைசியாகப் பார்க்கிறார்கள். சிலர் பார்ப்பதே இல்லை. படமெடுத்த தெருவிலேயே ஒரு வேட்டியைக் கட்டித் திரையிடுங்கள். குப்பை பொறுக்கும் தாய் ஒருவர், தம் மகள் படிக்கும் கல்லூரியில் இக்காட்சியைக் காட்டக் கூடாது என்று சொன்னால், அது எவ்வளவு சிறந்த காட்சியாயினும் நீக்கிவிடுங்கள். அவரிடம் காரணம் கேட்காதீர்கள்.