மிகை இல்லாத வண்டிக்கு மிகையை ஊட்டலாமா?

சென்ற ஞாயிறு இரவு இங்கிலாந்திலிருந்து ஓர் அழைப்பு. பேசியவர் பொறியியல் கல்லூரியில் எனக்கு இரண்டாண்டு மூத்தவர். மாணவர் பந்தயக் கார் அணியில் என் தலைவராக இருந்தவர். இன்று அங்கே ஒரு நிறுவனத்தில் பணியாற்றுகிறார். நான்காண்டுகளாக அவரிடம் முதல் தலைமுறை லோட்டஸ் எலிஸ் ஒன்று இருக்கிறது. அவருடைய கேள்வி சுருக்கமானது: "தம்பி, கையில கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கு. இதையே ட்யூன் பண்ணிடவா, இல்ல வித்துட்டு கேமன் எஸ் மாதிரி வேகமான வண்டி ஒண்ணு வாங்கிடவா?"

"ரெண்டு நாள் குடுங்கண்ணா, கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றேன். அந்தக் கணக்கையும் அதன் முடிவையும் அவர் இசைவுடன் இங்கே எழுதுகிறேன். வாகன இயக்கவியலில் ஆய்வு செய்பவன் என்பது ஒரு காரணம். பத்தாண்டுகளுக்கு முன் இதே கேள்வி எங்கள் முன் வந்தபோது நான் வாய்மூடி இருந்தேன் என்பது மற்றொரு காரணம். அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. 1996 இல் விற்பனைக்கு வந்த எலிஸ், அச்சின் வழியே பிதுக்கி எடுக்கப்பட்ட அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டி உருவாக்கிய அடிச்சட்டத்தின்மேல் அமைந்தது. அச்சட்டத்தின் எடை ஏறத்தாழ 68 கிலோ மட்டுமே. முழு வண்டியின் எடை 725 கிலோ அளவில் என்று அறிவிக்கப்பட்டது. இருக்கைகளுக்குப் பின்னால் 1.8 லிட்டர் ரோவர் கே வரிசை எஞ்சின். அதன் திறன் 120 குதிரைத்திறன். ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் துணைவிசை கிடையாது. ஒப்பீட்டுக்கு அவர் சொன்ன போர்ஷே கேமன் எஸ், 2005 இல் வந்த வடிவத்தில், 3.4 லிட்டர் எஞ்சினும் 295 குதிரைத்திறனும் 1,340 கிலோ எடையும் கொண்டது.

இப்போது எளிய கணக்கு. ஓட்டுநரின் எடையை 75 கிலோ எனக் கொள்வோம். எலிஸ் ஒரு டன்னுக்கு 150 குதிரைத்திறன். கேமன் எஸ் 208. இந்த இடைவெளியை எலிஸில் நிரப்ப எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? 167. அதாவது 47 கூட்டினால் போதும். கேமன் வாங்குவதற்கான தொகையோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு சிறியது. தாளில் பார்த்தால் ட்யூன் செய்வதே வெல்கிறது. எடை குறைந்த வண்டியில் சேர்க்கும் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் மதிப்பு அதிகம் என்பார்கள். அது பிழையன்று.

ஆனால் அக்கணக்கு ஒன்றை மறைக்கிறது. ஒரு வண்டி எடை குறைவாக இருப்பதன் பொருள் என்ன? லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1982 இல் மறைந்தார்; எலிஸை அவர் பார்க்கவில்லை. எனினும் அவர் நெறியே அதன் உள்ளுயிர். ஒவ்வொரு பாகமும் தன் கடமைக்குத் தேவையான அளவே இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராமும் சுமை என்பதே அந்நெறி. இப்படிப் பிறந்த வண்டியில் மிகை என்பது திட்டமிட்டே நீக்கப்பட்டிருக்கிறது. ட்யூன் செய்வது என்பதோ, வடிவமைத்தவர் விட்டுவைத்த மிகையை எடுத்துச் செலவிடும் செயல். எனவே ட்யூன் செய்யத் தூண்டும் வண்டியே ட்யூனைத் தாங்கும் ஆற்றல் குறைந்த வண்டி. என் வாதம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

எதிர்மறை எடுத்துக்காட்டு வேண்டுவோர் 1993 இன் டொயோட்டா சூப்ராவைப் பார்க்கலாம். அதன் 3 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினை இரண்டு மடங்கு திறனுக்கு உயர்த்தியவர்கள் உலகெங்கும் உண்டு. ஏன் முடிந்தது? அதன் எஞ்சின் உடல் வார்ப்பிரும்பு. தேவைக்கு மிஞ்சிய கனத்தோடு வார்க்கப்பட்டது. அம்மிகைக்கான விலையை அவ்வண்டி ஏறத்தாழ 1,500 கிலோ எடையாக முன்கூட்டியே செலுத்திவிட்டது. எலிஸ் அவ்விலையைச் செலுத்த மறுத்த வண்டி. செலுத்தாத வைப்பிலிருந்து பணம் எடுக்க இயலாது.

கே வரிசை எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் ஹெட்டையும் எஞ்சின் உடலையும் பேரிங் ஏணியையும் நீண்ட போல்ட்டுகள் ஒரே அடுக்காக இறுக்கிப் பிடிக்கும் அழகிய வடிவமைப்பு அது. எடை மிகக் குறைவு. உள்ளே சுழலும் குளிர்நீரின் அளவும் குறைவு. அதனால் வெப்பநிலை விரைவாக ஏறி இறங்கும். அதன் ஹெட் கேஸ்கெட் அடிக்கடி பழுதாவது வாகன உலகம் நன்கறிந்த செய்தி. எலிஸில் எஞ்சின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் இருப்பதால் குளிர்நீர் நீண்ட குழாய்களில் போய்வர வேண்டும். இத்தகைய எஞ்சினிடம் 39 விழுக்காடு கூடுதல் திறன் கேட்டால், பந்தயத் தடத்தில் முழு விசையில் ஓடும்போது, வெளியேற்ற வேண்டிய வெப்பமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும்.

பிரேக்கும் அப்படித்தான். நேர்த்தடத்தின் முடிவில் 160 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய வண்டி, கூடுதல் திறனால் 180 ஐ எட்டுகிறது என வைத்துக்கொள்வோம். வேகம் கூடியது எட்டில் ஒரு பங்கு. பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கூடியது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே பிரேக்கை மாற்ற வேண்டும், பிறகு கிளட்ச்சை, பிறகு ரேடியேட்டரை. ஒவ்வொரு மாற்றமும் சில கிலோ கொண்டுவரும். ஓட்டுநரோடு 800 கிலோ உள்ள வண்டியில் 40 கிலோ சேர்ந்தால் அது ஐந்து விழுக்காடு. எந்தக் குணத்துக்காக அவ்வண்டியை வாங்கினோமோ அக்குணம் கிலோ கிலோவாகக் கரைந்துபோகும்.

இனி அந்தப் பழைய கதை. நான் இரண்டாமாண்டு மாணவன். எங்கள் அணியின் கார் ஒற்றைச் சிலிண்டர் இருசக்கர வாகன எஞ்சினில் ஓடியது. முந்தைய ஆண்டு அது மெதுவாக ஓடியது; ஆனால் நெடுந்தொலைவுச் சுற்றை முழுதாக முடித்தது. "இந்த வருஷம் டர்போ" என்றார் அண்ணன். குளிரூட்டும் அமைப்பு என் பொறுப்பு. நான் போட்ட கணக்கில் ரேடியேட்டர் போதவில்லை. பெரிய ரேடியேட்டருக்கு வண்டியில் இடமில்லை. கையில் பணமும் இல்லை. அதைச் சொல்ல வேண்டிய கூட்டத்தில் நான் சொல்லவில்லை. அவர் மூத்தவர், எல்லோரும் உற்சாகத்தில் இருந்தார்கள், எனக்கு என் கணக்கின்மேல் நம்பிக்கை போதவில்லை. போட்டியன்று நேர்த்தட ஓட்டத்தில் எங்கள் கார் முந்தைய ஆண்டைவிட வேகமாகப் பாய்ந்தது, கூடாரமே கைதட்டியது. மறுநாள் நெடுந்தொலைவுச் சுற்றின் பாதியில் குழாய் வெடித்து, வெண்புகையாக நீராவி எழ, கார் ஓரமாக நின்றது. பன்னாட்டு மாணவர் பந்தய விதிகளில் மொத்தம் 1,000 புள்ளிகள். 75 மீட்டர் நேர்த்தட ஓட்டத்துக்கு 100, நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு மட்டும் 275. நாங்கள் நூற்றில் சிலவற்றைப் பெற 275 ஐ இழந்தோம். ஓராண்டு உறக்கம் கெட்டு உழைத்த இருபது பேர் அந்த நீராவியைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை. பிழை டர்போவினுடையது அன்று, தெரிந்தும் பேசாதவனுடையது.

அப்படியானால் வேகமான வண்டியை வாங்குவதே சரியா? அவ்வழிக்கு உரிய மதிப்பைத் தர வேண்டும். கேமன் எஸ்ஸின் 295 குதிரைத்திறன் அதன் கியர்பெட்டிக்கும் பிரேக்குக்கும் குளிரூட்டலுக்கும் முன்பே தெரிந்த எண். எல்லாப் பாகங்களும் ஒரே கணக்கிலிருந்து பிறந்தவை. மேலும், வாங்கிய வண்டி பிடிக்காவிட்டால் விற்கலாம். பணத்தில் பெரும்பகுதி திரும்பும். ட்யூனில் போட்ட பணம் திரும்பாது. பழைய எலிஸைத் தேடுவோர் பெரும்பாலும் அதன் மூல வடிவத்தைத்தான் தேடுகிறார்கள். ஆகவே "திறன் வேண்டும்" என்பதே உண்மையான தேவை என்றால், வாங்குங்கள் என்பேன்.

ஆனால் உண்மையில் வேண்டுவது திறன்தானா? நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எலிஸுக்கு ஏறத்தாழ 6 விநாடி. கேமன் எஸ்ஸுக்கு 5.4. அவ்வளவு பணத்துக்கும் கிடைப்பது அரை விநாடியை ஒட்டிய வேறுபாடு. அதற்கு மேலான வேகங்களில் கேமன் விலகிச் செல்லும் என்பது உண்மை. உச்ச வேகம் எலிஸுக்கு 200 ஐ ஒட்டியது, கேமனுக்கு 275. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுவதால், 295 குதிரைகளும் அங்கேதான் வேலை செய்கின்றன. ஆனால் இங்கிலாந்தின் நெடுஞ்சாலை வரம்போ மணிக்கு 70 மைல், அதாவது 112 கிலோமீட்டர். அவ்வேறுபாட்டை அவர் எங்கே போய் அனுபவிப்பார்?

வளைவுகளில் நிலைமை வேறு. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் டயரின் பிடிப்புக் கெழு 0.9 என்றால் உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 76 கிலோமீட்டர்; 1.0 என்றால் 80. இச்சமன்பாட்டில் குதிரைத்திறனுக்கு இடமே இல்லை. எடையும் நீங்கிவிடுகிறது, எனினும் சுமை ஏற ஏற டயரின் கெழு குறையும் என்பதால் எடை குறைந்த வண்டிக்கே ஆதாயம். நல்ல டயர், தேய்ந்த ஷாக் அப்சார்பர்களுக்கு மாற்று, சக்கரக் கோணங்களைச் சரியாக அமைத்தல், வெப்பம் தாங்கும் பிரேக் பட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பயிற்றுநரோடு பந்தயத் தடத்தில் சில நாட்கள்: இவை வண்டியின் இயல்பை மீறாமல் வேகம் தருபவை. இவற்றுள் எதுவும் மீட்க முடியாதது அன்று.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு, வலுவான மறுப்புத்தான். லோட்டஸே எலிஸின் திறனை உயர்த்தியதே? ஆம். 1999 இன் 111எஸ் வடிவத்தில் 145 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அதனோடு கியர் விகிதங்களை நெருக்கியது, பின்டயர்களை அகலமாக்கியது. 190 குதிரைத்திறன் வேண்டியபோது, 2004 இல், எஞ்சினையே மாற்றி டொயோட்டாவினுடையதைப் பொருத்தியது. அமெரிக்கச் சந்தையின் விதிகள் உள்ளிட்ட வேறு காரணங்களும் அதற்கு உண்டு. எனினும் ஒன்று தெளிவு: ஓர் எண்ணை மாற்றினால் மற்ற எண்களையும் மாற்ற வேண்டும் என்பதை அறிந்தே அவர்கள் மாற்றினார்கள். அத்தனையையும் ஒரு தனிமனிதர் செய்யத் துணிந்தால் அது ட்யூன் அன்று. புதிய வண்டியை வடிவமைப்பது. அதைச் செய்ய ஆசை இருந்தால் செய்யட்டும். ஆனால் சிக்கனம் என்ற பெயரில் செய்ய வேண்டாம்.

நம் நாட்டு மாணவர்களுக்கு ஒரு சொல். இங்கே எலிஸ் இல்லாவிட்டாலும் சிறிய ஹேட்ச்பேக் வண்டிகளும் அவற்றுக்கு ரீமேப் செய்து தரும் கடைகளும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. 2019 இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பிரேக்கையும் டயரையும் தொடாமல் எஞ்சினை மட்டும் முடுக்கிவிட்டு விடுதி நண்பர்கள் நால்வரை ஏற்றிக்கொண்டு இரவில் நெடுஞ்சாலைக்குச் செல்வோர், நம் அணி நீராவியோடு தப்பித்தது போலத் தப்பிப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை.

அண்ணனுக்கு என் விடை இதுதான். திறனைக் கூட்டாதீர்கள். வண்டியை விற்கவும் வேண்டாம். முதலில் குளிர்நீர்க் குழாய்களையும் கேஸ்கெட்டையும் தகுதியானவரிடம் காட்டிச் சரிபாருங்கள். டயர், ஷாக் அப்சார்பர், பயிற்சி ஆகியவற்றுக்குச் செலவிடுங்கள். ஓராண்டு ஓட்டுங்கள். அதன்பின்னும் நேர்த்தடத்தில்தான் மனம் குறைபடுகிறது என்றால் கேமனை வாங்குங்கள். எலிஸை அதன் மூல வடிவிலேயே மற்றொருவருக்குக் கொடுங்கள்.

நேற்று இதைத் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றார். சொல்லியிருக்கலாம். ஆய்வுக்கூடங்களில் இன்று இளையவராக இருப்போர், கையில் கணக்கு இருந்தால் கூட்டம் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். என் கணக்கில் பிழை காண்போரும் அவ்வாறே செய்யலாம், நன்றியோடு திருத்திக்கொள்வேன்.