கோலிக்குண்டைக் குப்பையில் போடாதீர்கள்!

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை, நெசவாளர்கள் வாழும் ஊர். இது போன்ற ஊர்களில் பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டுகிறவர்கள் உண்டு. தறியை எடுத்துவிட்டால், தறிக்குழியை மண் போட்டு மூடி விடுவார்கள்.

மூடும் முன்பு அந்தக் குழிக்குள் ஒரு தடவை துழாவிப் பாருங்கள். அறுந்த நூல் கிடைக்கும். செல்லாத காசு கிடைக்கும். ஒரு கோலிக்குண்டு கிடைத்தாலும் ஆச்சரியம் இல்லை.

“இது எதற்கு?” என்று வீசி விடாதீர்கள். அது ஒரு பிள்ளையின் சொத்து!

நாடா தள்ளிய கைகள்

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையைப் பார்த்திருப்பீர்கள். உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். அதை நெய்ய மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று. இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. நெசவாளர் ஒருவரே எல்லாவற்றையும் தள்ளுவது கடினம். பக்கத்தில் உட்கார்ந்து உதவ இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவர் யார்? பல வீடுகளில் அது பத்து வயதுப் பிள்ளைதான்! சில வீடுகளில் சொந்தப் பிள்ளை. சில வீடுகளில் கூலிக்கு வந்த பிள்ளை.

காலையில் தறியில் உட்கார்ந்தால் விளையாட நேரம் ஏது? சாப்பாட்டு வேளையில் தெருவுக்கு ஓட வேண்டும். மண்ணில் குழி தோண்ட வேண்டும். இரண்டு ஆட்டம் ஆடுவதற்குள் வீட்டிலிருந்து குரல் வரும். குண்டு கால்சட்டைப் பைக்குள் போகும். பையன் தறிக்குப் போவான்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை தரும் சட்டம் 2009-ல் நிறைவேறியது. தறியை விட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். நல்ல காரியம்!

அன்று நாடா தள்ளியவர்கள் இன்று தாத்தா, பாட்டி ஆகிவிட்டார்கள். அவர்களில் பலருக்குச் சிறு வயதுப் புகைப்படம் கிடையாது. பள்ளிக்கூடச் சான்றிதழ் கிடையாது. “நானும் ஒரு காலத்தில் குழந்தையாக இருந்தேன்” என்று சொல்ல ஒரு கோலிக்குண்டுதான் மிச்சம்.

அதனால்தான் சொல்கிறேன். அதை எறியாதீர்கள். அது எந்த வகைக் குண்டு என்றும் தெரிந்து கொள்ளுங்கள்.

எது எந்தக் குண்டு?

குண்டை வெளிச்சத்தில் பிடியுங்கள். இளம் பச்சையாக, ஒரே நிறமாக, உள்ளே பூவும் கோடும் இல்லாமல் இருக்கிறதா? அது சோடா புட்டியிலிருந்து வந்த குண்டாக இருக்கலாம். கோலி சோடா புட்டி நம் நாட்டில் பிறந்ததல்ல. இங்கிலாந்துக்காரரான ஹைரம் காட் என்பவர் 1872-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். புட்டியின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம். உள்ளே ஒரு குண்டு. சோடாவின் வாயு அந்தக் குண்டை மேலே தள்ளி வாயை அடைத்துக் கொள்ளும். மூடியே வேண்டாம்!

குண்டுக்குள் வண்ண நூலை முறுக்கி வைத்தது போல இருக்கிறதா? இரண்டு முனையிலும் விரலால் தடவுங்கள். சொரசொரப்பான தழும்பு தட்டுப்படுகிறதா? அப்படியானால் அது கையால் செய்த குண்டாக இருக்கலாம். ஜெர்மனியில் லௌஷா என்ற ஊர் இதற்குப் பேர் போனது. கண்ணாடிக் கோலைச் சூடாக்கி, முறுக்கி, கத்தரியால் வெட்டி உருட்டினார்கள். வெட்டிய இடம்தான் அந்தத் தழும்பு. நம் ஊரில் இது கிடைப்பது அபூர்வம்.

தழும்பே இல்லையா? அது இயந்திரத்தில் செய்ததாக இருக்கும். குண்டு உருட்டும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் கிறிஸ்டென்சன் என்பவர் 1905-ல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு குண்டு மலிந்தது. ஏழைப் பிள்ளைக்கும் எட்டியது.

உள்ளே பூனைக்கண் போல ஒரு வண்ணக் கீற்று தெரிகிறதா? அந்த வகை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிலிருந்து பரவியது. அதைக் காட்டி, “நூறு வருஷத்துப் பழசு, ஆயிரம் ரூபாய் கொடு” என்று யாராவது கேட்டால் ஏமாறாதீர்கள்!

உள்ளே காற்றுக் குமிழி இருப்பதால் மட்டும் ஒரு குண்டு பழசு ஆகி விடாது. புதுக் குண்டிலும் குமிழி உண்டு.

விலை அல்ல, பெயர்!

பழைய குண்டுகளை வாங்கிச் சேர்க்கிறவர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். கீறல் இல்லாத குண்டுக்குத்தான் அவர்களிடம் நல்ல விலை. நம் வீட்டுக் குண்டில் கீறல் நிறைய இருக்கும். தெருவில் ஆடிய குண்டு அல்லவா? கீறலைப் போக்க அதைத் தேய்த்து மெருகேற்றாதீர்கள். அந்தக் கீறல்தான் அது ஆடிய ஆட்டங்களுக்குச் சாட்சி. வெந்நீரும் வேண்டாம், சூட்டில் கண்ணாடி விரியும். சாதாரணத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

குண்டு வேண்டும் என்பதற்காகச் சோடா புட்டியை உடைக்காதீர்கள். கையும் கிழியும், புட்டியும் போகும். கைக்குழந்தைக்கு எட்டும் இடத்தில் குண்டை வைக்காதீர்கள். விழுங்கினால் ஆபத்து.

“கோலி ஆடுகிற பயல் உருப்பட மாட்டான்” என்று நம் பெரியவர்கள் திட்டுவது உண்டு. அது சரியல்ல. ஓய்வே இல்லாத பிள்ளைக்கு அந்த இரண்டு ஆட்டம்தான் பிள்ளைப் பருவம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். குண்டைத் தாத்தாவின் உள்ளங்கையில் வையுங்கள். “யாரிடம் ஜெயித்தது, தாத்தா?” என்று கேளுங்கள். அவர் சொல்லுவதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, குண்டோடு சேர்த்து டப்பாவில் போட்டு வையுங்கள்.

பெயர் இல்லாத குண்டு வெறும் கண்ணாடி. பெயர் எழுதிய குண்டு உங்கள் குடும்பத்தின் சரித்திரம்!